உங்கள் பான், ஆதாரில் வேறொருவர் கடன் வாங்கியிருந்தால்: முதல் மணி நேரத்திலிருந்து கடைசிக் கடிதம் வரை

வாங்காத கடனுக்குத் தவணை கேட்டு ஒரு போன் வரும். பெரும்பாலோருக்கு விஷயம் தெரியவருவது அப்போதுதான். சிலருக்கு, வீட்டுக்கடன் கேட்டுப் போன இடத்தில் “உங்கள் பெயரில் ஏற்கெனவே மூன்று கடன் நிலுவையில் இருக்கிறதே” என்று வங்கி மேலாளர் சொல்லும்போது தெரியும். ஒருநாளும் கடை வைக்காதவர் வீட்டுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்து சேர்வதும் உண்டு. எப்படித் தெரிந்தாலும், ஆவணம் களவு போய்ப் பல வாரமோ பல மாதமோ ஆகியிருக்கும்.

இதில் வரிசைதான் முக்கியம். இன்னும் திறந்து கிடக்கும் வழிகளை முதலில் அடைக்க வேண்டும். அடுத்து, தேதியோடு புகாரைப் பதிய வேண்டும். கடன் கொடுத்த நிறுவனத்தோடு பேசுவது அதற்குப் பிறகுதான். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ரெக்கவரி ஏஜென்டோடு ஒரு மணி நேரம் சண்டை போடுவார்கள், இரண்டு நாள் தூங்காமல் இருப்பார்கள், மூன்றாம் நாள் போலீசுக்குப் போவார்கள். அதற்குள் அதே ஆவணத்தில் நான்காவது கடனும் வாங்கப்பட்டிருக்கும்.

கணக்கிலிருந்து பணம் போயிருந்தால்

வேறு எதையும் யோசிக்காமல் 1930-ஐ அழையுங்கள். நிதி மோசடிக்கான தேசிய உதவி எண் இது. பணம் போய்ச்சேர்ந்த கணக்கை முடக்கச் சொல்லி அந்தந்த வங்கிக்கு இங்கிருந்து உடனே தகவல் போகும். மோசடிப் பணம் ஒரே கணக்கில் தங்காது; நான்கைந்து கணக்கு மாறி ஏடிஎம்மில் பணமாக எடுக்கப்பட்டுவிடும். அதனால்தான் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அழைத்தவர்களுக்கே பணம் சிக்குகிறது.

அழைக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: உங்கள் வங்கியின் பெயர், கணக்கு எண், பணம் போன தேதி, நேரம், தொகை, பரிவர்த்தனை எண். யுபிஐ என்றால் 12 இலக்க யுடிஆர் எண் செயலியிலேயே இருக்கும். புகார் பதிந்ததும் ஒப்புகை எண் குறுஞ்செய்தியாக வரும். அந்த எண்ணை வைத்து தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் 24 மணி நேரத்துக்குள் முழுப் புகாரையும் பதிவு செய்யுங்கள். போன் செய்ததோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

கையோடு வங்கிக்கும் சொல்ல வேண்டும். உங்கள் மேலும் வங்கி மேலும் தவறில்லாமல், வெளியாள் செய்த மோசடியில் பணம் போயிருந்தால், வங்கி அனுப்பிய தகவல் கிடைத்த 3 வேலைநாளுக்குள் புகார் கொடுத்தவருக்கு இழப்புப் பொறுப்பு கிடையாது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதி இது. 4 முதல் 7 வேலைநாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழலாம். அதற்கும் மேல் போனால் வங்கியின் சொந்தக் கொள்கைப்படிதான். நீங்களே ஓடிபியைச் சொல்லியிருந்தால் கதை வேறு: புகார் கொடுக்கும் வரை போன பணம் உங்கள் இழப்பு, கொடுத்த பிறகு போவது வங்கியின் இழப்பு. அதனால் “நான்தானே ஓடிபி சொன்னேன்” என்ற கூச்சத்தில் தள்ளிப்போடுவது நஷ்டத்தைத்தான் கூட்டும். இன்னொன்று, தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கி. கிளையில் யாராவது மாற்றிச் சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள்.

வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடி எடுக்காதீர்கள். பதற்றத்தில் இருப்பவர்களைப் பிடிக்கவென்றே போலி எண்கள் அங்கே விதைக்கப்பட்டிருக்கின்றன. டெபிட் கார்டின் பின்பக்கத்திலோ பாஸ்புக்கிலோ இருக்கும் எண்தான் சரி.

கைபேசி எண்ணும் மின்னஞ்சலும்

எல்லா ஓடிபியும் வந்து சேரும் இடம் கைபேசி எண். மற்ற எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றித்தரும் இடம் மின்னஞ்சல். இந்த இரண்டும் உங்கள் கையில் இல்லாதவரை மற்ற பூட்டுகளால் பயனில்லை.

சுற்றியிருப்பவர்களுக்கெல்லாம் சிக்னல் இருக்க, உங்கள் போனில் மட்டும் திடீரென்று நெட்வொர்க் போய், மறுபடி ஆன் செய்தும் வரவில்லையா? உங்கள் எண்ணுக்கு வேறொருவர் மாற்று சிம் வாங்கியிருக்கலாம். வேறு போனிலிருந்து வங்கியை அழைத்து இணையச் சேவையையும் யுபிஐயையும் நிறுத்திவிட்டு, அடையாள அட்டையோடு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சொந்தக் கிளைக்கு நேரில் போங்கள். தெருமுனை ரீசார்ஜ் கடையில் இது ஆகாது. சிக்னல் இருந்தும் அழைப்புகள் மட்டும் வராமல் போனால், யாரோ கால் ஃபார்வர்டிங் (அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் வசதி) போட வைத்திருக்கலாம். ##002# என்று டயல் செய்தால் எல்லா ஃபார்வர்டிங்கும் ரத்தாகும்.

உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்க்கலாம். உங்கள் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால் பட்டியல் வரும். தெரியாத எண்ணுக்கு எதிரே ‘என் எண் அல்ல’ என்பதைத் தேர்ந்து புகார் கொடுங்கள். ‘தேவையில்லை’ என்றும் ஒரு தேர்வு இருக்கும். அது நீங்களே வாங்கிப் பயன்படுத்தாமல் விட்ட எண்ணுக்கு. திருடன் வாங்கிய சிம்முக்கு அதைத் தேர்ந்தால், அந்த எண் உங்களுடையதுதான் என்று நீங்களே எழுதிக்கொடுத்ததுபோல ஆகிவிடும்.

மின்னஞ்சலில் கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றும் வசதியை அழுத்துங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். ஃபார்வர்டிங், ஃபில்டர் அமைப்புகளையும் திறந்து பாருங்கள். உள்ளே வந்து போனவர்கள் வங்கி மின்னஞ்சல்களுக்கு மட்டும் ஒரு ஃபில்டர் போட்டு, நகல் தங்களுக்கு வரும்படி வைத்துவிட்டுப் போவதுண்டு. கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த ஃபில்டர் அப்படியேதான் இருக்கும்.

வாட்ஸ்அப் பறிபோயிருந்தால் உங்கள் எண்ணைக் கொண்டு மறுபடி பதிவு செய்யுங்கள்; ஆறு இலக்கக் குறியீட்டைப் போட்டதும் மற்றவர் வெளியேற்றப்படுவார். அவர் இரட்டைச் சரிபார்ப்பு பின் வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் அவரும் உள்ளே இருக்க மாட்டார் என்பதால் பெரிய கவலையில்லை.

ஆதாரைப் பூட்டுவது

ஆதார் எண்ணை மாற்ற முடியாது. பூட்டலாம். பல பேர் கேள்விப்பட்டிராத இந்த வசதி ஆதார் இணையதளத்திலும் எம்ஆதார் செயலியிலும் இலவசமாகக் கிடைக்கிறது.

பூட்டு இரண்டு வகை. முதலாவது பயோமெட்ரிக் பூட்டு: கைரேகை, கருவிழி, முகம் ஆகியவற்றை வைத்து யாரும் சரிபார்க்க முடியாமல் செய்வது. இதை இன்றைக்கே போட்டுவிடலாம். ஆதார் வழிப் பணம் எடுக்கும் முறையில் ஓடிபி கேட்பதில்லை. வங்கியின் பெயர், ஆதார் எண், கைரேகை இருந்தால் போதும். பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகையை அச்செடுத்து இப்படிப் பணம் எடுத்த வழக்குகள் நாட்டில் பல இடங்களில் பதிவாகியிருக்கின்றன. உங்களுக்கே ரேஷன் கடையிலோ சிம் வாங்கும்போதோ விரல் வைக்க வேண்டிய தேவை வந்தால், தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். சிறிது நேரத்தில் தானே மூடிக்கொள்ளும். வயதான பெற்றோருக்குப் பூட்டிவிட்டால் இதையும் சொல்லிவையுங்கள். இல்லையென்றால் ரேஷன் கடையில் விரல் ஏற்கவில்லை என்று அலைவார்கள்.

இரண்டாவது, ஆதார் எண்ணையே பூட்டுவது. அதற்கு முதலில், ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கும் 16 இலக்க விர்ச்சுவல் ஐடி ஒன்றை உருவாக்கிக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். பூட்டிய பிறகு சரிபார்ப்புக்கெல்லாம் அதுதான். ஆவணம் களவு போனது உறுதி என்றால் இதையும் செய்யுங்கள். வெறும் சந்தேகம் என்றால் முதல் பூட்டே போதும்.

அதே இடத்தில் ‘சரிபார்ப்பு வரலாறு’ இருக்கும். கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்று அதிகபட்சம் 50 பதிவுகள் வரை காட்டும். தெரியாத நிறுவனம் எதுவும் தென்பட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு 1947-க்குப் புகார் சொல்லுங்கள். கடன் எந்த நிறுவனம் வழியாக, எந்த நாளில் எடுக்கப்பட்டது என்ற துப்பு சில சமயம் இங்கேயே கிடைத்துவிடும்.

போலீஸ் புகார்

பணம் நேரடியாகப் போகாவிட்டாலும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். அந்த ஒப்புகைத் தாளே நிறுவனங்களுக்கு அனுப்பும் முதல் ஆதாரம். பிறகு உங்கள் மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலோ காவல் நிலையத்திலோ எழுத்துப்பூர்வமாக மனு கொடுங்கள்.

மனுவில் இரண்டு சட்டப் பிரிவுகளைக் குறிப்பிடலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66சி அடையாளத் திருட்டுக்கு. 66டி கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கு. இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அந்தச் சட்டப்படி வழக்கை விசாரிப்பவர் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். நிலையத்தில் உங்களைச் சுற்றிவிடாமல் இருக்க இது தெரிந்திருப்பது நல்லது.

தமிழ்நாட்டில் முதலில் புகார் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான் தருவார்கள். அதை வாங்காமல் வெளியே வராதீர்கள். எஃப்ஐஆர் போட்டால் நகலை இலவசமாகத் தர வேண்டும். “குற்றம் நடந்தது வேறு மாநிலத்தில், அங்கே போங்கள்” என்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவைச் சொல்லுங்கள்; எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் தகவலை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். அதற்கும் மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதன் பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்றம். எஃப்ஐஆர் கிடைத்த பிறகுதான் மற்ற வேலை என்று மட்டும் காத்திருக்காதீர்கள். ஒப்புகைத் தாளை வைத்தே அடுத்த படிக்குப் போகலாம்.

கிரெடிட் ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது

ஒவ்வொருவரின் கடன் விவரங்களையும் திரட்டி கிரெடிட் ரிப்போர்ட்டாகத் தரும் கடன் தகவல் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். இப்போது நான்கையும் எடுத்துவிடுங்கள். ஒன்றில் தென்படாத கடன் இன்னொன்றில் இருக்கக்கூடும்.

எல்லோரும் ஸ்கோரைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது மற்ற மூன்று பகுதிகள். ஒன்று, கணக்குகள்: நிறுவனத்தின் பெயர், கடன் வகை, திறந்த தேதி, தொகை. இரண்டாவது, விசாரணைகள்: எந்த நிறுவனமெல்லாம் உங்கள் ரிப்போர்ட்டைக் கேட்டது என்ற பட்டியல், கிடைக்காமல் போன முயற்சிகளும் இதில் இருக்கும். மூன்றாவது பகுதியை யாரும் பார்ப்பதில்லை: முகவரி, கைபேசி எண், மின்னஞ்சல். திருடன் கடன் விண்ணப்பத்தில் கொடுத்த எண் இங்கே உங்களுடையதாகப் பதிந்திருக்கும். போலீசுக்குக் கொடுக்க இதைவிட நல்ல துப்பு கிடைப்பது அரிது.

ஒரு எச்சரிக்கை. தெரியாத கடன் எல்லாமே திருட்டு அல்ல. உங்கள் பெயரும் பிறந்த தேதியும் உள்ள வேறொருவரின் கடன், பான் எண்ணில் ஓர் எழுத்து தவறியதால் உங்கள் பக்கம் ஒட்டிக்கொள்வதுண்டு. பல ஆண்டுகளாக ஒழுங்காகத் தவணை கட்டப்படும் கடன் என்றால் பெரும்பாலும் இந்த வகைதான். திருடன் தவணை கட்டுவதில்லை.

தவறான ஒவ்வொரு பதிவுக்கும் அந்தந்தத் தளத்திலேயே டிஸ்பியூட், அதாவது பதிவை மறுக்கும் புகார், போடுங்கள். ‘இந்தக் கணக்கு என்னுடையதல்ல’ என்ற வகையைத் தேர்வு செய்யுங்கள். தொகை தவறு என்று தேர்ந்தால், கடன் உங்களுடையது, தொகையில்தான் தகராறு என்று பொருளாகும். கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் அழிக்காது. கடன் கொடுத்த நிறுவனத்தைக் கேட்டு, அது ஒப்புக்கொண்டால்தான் மாற்றும். எனவே டிஸ்பியூட்டை மட்டும் நம்பாமல் கடன் கொடுத்தவருக்கு நேராகவும் எழுத வேண்டும்.

கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதும் கடிதம்

நிறுவனத்தின் இணையதளத்தில் குறைதீர்க்கும் அதிகாரியின் மின்னஞ்சல் இருக்கும். அதற்கு அனுப்புங்கள். செயலியின் பெயர் ஒன்றும் கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர் வேறொன்றுமாக இருக்கும். ரிப்போர்ட்டில் இருக்கும் பெயர்தான் நமக்கு வேண்டியது. கடிதம் இவ்வளவு போதும்:

“என் கிரெடிட் ரிப்போர்ட்டில் (எண், தேதி) உங்கள் நிறுவனம் பதிந்துள்ள (கணக்கு எண்) கடனை நான் விண்ணப்பிக்கவில்லை, அதன் தொகை எனக்கு வந்து சேரவும் இல்லை. என் ஆவணங்களைப் பயன்படுத்தி நடந்த ஆள்மாறாட்டம் இது. சைபர் குற்றப் புகார் எண், காவல் நிலைய ரசீது இணைக்கப்பட்டுள்ளன. விண்ணப்பப் படிவம், கேஒய்சி ஆவணங்கள், செல்ஃபி அல்லது வீடியோ பதிவு, கையெழுத்திட்ட ஒப்பந்தம், ஓடிபி அனுப்பப்பட்ட எண், தொகை செலுத்தப்பட்ட வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைத் தர வேண்டுகிறேன். விசாரணை முடியும்வரை வசூல் நடவடிக்கையை நிறுத்திவைக்கவும். கணக்கையும் அது தொடர்பான விசாரணைப் பதிவையும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலிருந்தும் நீக்கி, இந்தக் கடனுக்கு நான் பொறுப்பல்ல என்று எழுத்துப்பூர்வமாக உறுதிசெய்யவும்.”

இவற்றில் வலுவானது தொகை போன கணக்கு எண். அது உங்கள் கணக்கு இல்லை என்றால் பாதி வாதம் முடிந்துவிடும். அந்த மாதத்துக்கான உங்கள் வங்கி ஸ்டேட்மென்டையும் சேர்த்து அனுப்புங்கள். “போலீஸ் கேட்டால்தான் தருவோம்” என்று பதில் வந்தால், அந்தப் பதிலையே விசாரணை அதிகாரியிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். செல்ஃபியில் இருப்பது உங்கள் முகம் இல்லை என்பதைப் பார்த்த பிறகும் வாதம் செய்யும் நிறுவனம் குறைவு.

ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்

இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். “மூவாயிரம்தானே, கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள், ஸ்கோர் சரியாகிவிடும்” என்பார்கள். கட்டினால் அந்தக் கடன் உங்களுடையது என்று நீங்களே ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். பாதித் தொகையில் ‘செட்டில்மென்ட்’ செய்வது அதைவிட மோசம். ‘செட்டில்ட்’ என்ற சொல் ரிப்போர்ட்டில் ஏறிவிடும், அடுத்து வீட்டுக்கடன் கேட்கும்போது அது முட்டுக்கட்டை போடும். ‘குளோஸ்ட்’ என்று மாற்றித்தருகிறோம் என்றாலும் சம்மதிக்காதீர்கள். முடிந்த கடனும் உங்கள் கடன்தான். நீங்கள் கேட்பது நீக்கம்.

ஏஜென்ட் அழைத்தால் புகார் எண்ணைச் சொல்லிவிட்டு, எதுவானாலும் மின்னஞ்சலில் கேளுங்கள் என்று வைத்துவிடுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் நேரத்தோடு அழைப்புப் பட்டியலைச் சேமித்துவையுங்கள். அடுத்த கட்டத்தில் உதவும்.

30 நாள் தாண்டினால்

டிஸ்பியூட்டை 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குத் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. தொகை சிறியதுதான். ஆனாலும் நினைவூட்டல் மின்னஞ்சலில் இந்த விதியைக் குறிப்பிட்டால், கோப்பு அடுத்த மேசைக்கு நகர வாய்ப்பு அதிகம்.

பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) இணையவழியில் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் இதன் கீழ் வருகின்றன. நேராக ஒம்பட்ஸ்மனிடம் போனால் தள்ளுபடி ஆகிவிடும். முதலில் நிறுவனத்துக்கு எழுதி, அதன் பதில் வந்ததற்கோ, பதில் இல்லாமல் 30 நாள் காத்திருந்ததற்கோ சான்று வேண்டும். இதற்காகத்தான் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் செய்யச் சொல்வது.

கடனோடு முடியாதவை

வருமானவரி இணையதளத்தில் ஏஐஎஸ் என்ற வருடாந்திரத் தகவல் அறிக்கையைத் திறந்து பாருங்கள். உங்கள் பான் எண்ணில் பதிவான வட்டி, சம்பளம், பங்கு விற்பனை எல்லாம் அதில் வரும். கணக்கே இல்லாத வங்கியிலிருந்து சேமிப்புக் கணக்கு வட்டி காட்டினால், உங்கள் பெயரில் ஒரு கணக்கு ஓடுகிறது என்று பொருள். பிறரை ஏமாற்றிய பணத்தைக் கைமாற்ற இப்படிப்பட்ட கணக்குகள் பயன்படுகின்றன. கடைசியில் வெளிமாநிலப் போலீசின் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். அந்த வங்கிக்கு உடனே எழுதிக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். ஏஐஎஸ்ஸில் அந்த வரிக்கு எதிரே அந்தத் தகவலை மறுப்பதாகக் கருத்தும் பதியுங்கள்.

ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் எண்ணைக் கொண்டு தேடும் வசதி இருக்கிறது. லாகின் தேவையில்லை. உங்கள் பானில் ஏதாவது பதிவு இருந்தால் எண்ணும் மாநிலமும் காட்டும். இருந்தால், போலீஸ் ரசீதோடு அந்தப் பகுதி ஜிஎஸ்டி அதிகாரிக்குப் பதிவை ரத்து செய்யச் சொல்லி எழுதுங்கள். நோட்டீஸ் வந்திருந்தால் கெடு முடிவதற்குள் பதில் போயாக வேண்டும். ‘நான் செய்யவில்லையே’ என்று பேசாமல் இருந்தால் உங்கள் பதில் இல்லாமலே உத்தரவு வந்துவிடும். இந்த ஒரு இடத்தில் ஆடிட்டர் ஒருவரின் உதவிக்குச் செலவு செய்வது தகும்.

அதன் பிறகு சில மாதங்கள்

புகார் கொடுத்த சில நாளில் இன்னொரு போன் வரலாம். சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்கச் சிறு கட்டணம் கட்டுங்கள் என்று. ஏமாந்தவர்களின் பட்டியலும் விற்கப்படுகிறது. பணத்தைத் திருப்பித்தர எந்த அரசு அமைப்பும் கட்டணம் கேட்பதில்லை.

ஆவணம் கொடுக்கும் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் பல இடங்களுக்கு அதுவே போதும். நகல் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்று நகலின் குறுக்கே எழுத்துகள்மேல் படும்படி எழுதிக் கையெழுத்திடுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள். ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களை அங்கே நின்று அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

கண்காணிப்புக்குக் காசு கட்டத் தேவையில்லை. அடுத்த ஆண்டு நான்கு இலவச ரிப்போர்ட்களையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி எடுத்தால் ஆண்டு முழுக்க ஒரு கண் இருக்கும்.

சேர்த்துவைத்த கோப்பைத் தூக்கிப்போடாதீர்கள். நிறுவனங்கள் வசூலாகாத கடன்களைக் கட்டுக்கட்டாக வேறு நிறுவனங்களுக்கு விற்றுவிடும். நீக்கிய கடனும் பழைய பட்டியலோடு சேர்ந்து கைமாறி, இரண்டு மூன்று ஆண்டு கழித்துப் புதிய பெயரில் ஒருவர் அழைக்கக்கூடும். அவரோடு வாதம் வேண்டாம். கடனுக்கு நீங்கள் பொறுப்பல்ல என்ற கடிதத்தின் நகலை அவருடைய நிறுவனத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு அனுப்பிவிட்டு, பழைய நிறுவனத்துக்கும் அதே மின்னஞ்சலின் நகலைப் போடுங்கள்.